ஏர் ஆஸ்டல்

எங்கள் ஊர்க் கணக்குப்படி நான் பதினோரு வருஷமாக ஹாஸ்டலில் வேலை பார்க்கிறேன். பெரும்பாறையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். சென்னையில் ஏதோ பெரிய ஹாஸ்டலாம், அதில் நான் வார்டனாம். சோறு போடுவேனாம், விளக்கை அணைப்பேனாம், கதவைப் பூட்டுவேனாம். யோசித்துப் பார்த்தால் இதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. நான் சோறு போடுகிறேன், விளக்கை அணைக்கிறேன், கதவையும் பூட்டுகிறேன். என்ன, என் ஹாஸ்டல் முப்பதாயிரம் அடி உயரத்தில் பறக்கும்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் அம்மா. வேலை கிடைத்த அன்று போன் பண்ணி, "ஏர் ஹோஸ்டஸ் ஆயிட்டேம்மா" என்று கத்தினேன். அம்மா அப்போது எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வரிசையில் நின்ற பெண் என்ன ஏது என்று கேட்டிருக்கிறாள். "பெரியவளுக்கு ஏர் ஆஸ்டல்ல வேலை கெடச்சிருச்சாம்" என்று அம்மா சொல்லிவிட்டாள். எங்கள் மலையில் ஹாஸ்டல் எல்லாருக்கும் பழகிய சொல். மேலே கொடைக்கானலில் எங்கு திரும்பினாலும் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஹாஸ்டல். எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் அங்கே ஆயாவாகவோ சமையலுக்கோ நின்றவர்கள். நானே ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள்தான். ஹாஸ்டலில் படித்த பெண் ஹாஸ்டலுக்கே வேலைக்குப் போய்விட்டாள் என்று ஊர் நிம்மதியாக நம்பிவிட்டது.

நான் திருத்தாமல் இல்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் அடுப்படியில் நின்று வகுப்பு எடுத்திருக்கிறேன்.

"அம்மா, ஹோஸ்டஸ். எங்க சொல்லு, ஹோஸ்... டஸ்."

"அதத்தாண்டி நானும் சொல்றேன். ஆஸ்டல்."

போகட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பா நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். என்னையும் தங்கச்சியையும் தனியாளாக வளர்த்தவளிடம் உச்சரிப்புக்காகச் சண்டை போட எனக்கு மனசில்லை.

சொந்தக்காரர்கள் சிலருக்கு உண்மை தெரியும். அவர்களோடு ஒப்பிட்டால் தெரியாதவர்களே தேவலை. ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பா முறை ஆகிற ஒருவர், சோற்றில் குழி பறித்துச் சாம்பாரை வாங்கிக்கொண்டே, "ஏம்மா, ப்ளேன்ல கக்கூஸும் நீங்கதான் கழுவணுமாமே?" என்று கேட்டார். "ஆமா பெரியப்பா. யாராவது அசிங்கம் பண்ணி வச்சா நாங்கதான் தொடைக்கணும். கோட்டு சூட்டுப் போட்டவங்கதான் ரொம்பப் பண்ணி வைக்கிறாங்க" என்றேன். பாயசம் வரும்வரை மனுஷர் வாயே திறக்கவில்லை. அத்தை முறை ஒருத்தி என் கன்னத்தை விரலால் தேய்த்து, விரலில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். படித்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை. கொடைக்கானலில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிற என் ஸ்கூல் தோழி ஒருத்தி, "உனக்கென்னப்பா, ஊர் சுத்துறதே வேலை" என்று வாட்ஸப்பில் அடிக்கடி பெருமூச்சு விடுவாள். நான் பார்த்த பாதி ஊர்களில் விமான நிலையத்தையும், ஓட்டல் அறையின் திரைச்சீலையையும் தவிர வேறெதையும் பார்த்ததில்லை என்று சொன்னால் நம்ப மாட்டாள்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். தள்ள முடியாதது ஒரு பார்வை. "வெளியூர்ல தங்கலும் உண்டுல்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் எனக்கு மூன்று சம்பந்தம் தட்டிப்போனது. மூன்றாவதாக வந்த வீட்டு அம்மா காரணத்தைத் தரகரிடம் ஒளிக்காமலே சொல்லியனுப்பினாள்: "சிரிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குற பொண்ணு நம்ம வீட்டுக்கு ஒத்து வராது." அன்றைக்கு வந்த கோபத்தில் தரகரை வாசலோடு அனுப்பிவிட்டேன். இனி எனக்கு யாரும் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

என் வேலையைப் பற்றி எனக்குக் கொழுப்பு உண்டு. இருக்கட்டுமே. பயிற்சியில் புகை நிரப்பிய அறைக்குள் தவழ்ந்து போய், பொம்மையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தவள் நான். அவசரம் என்றால் ஒன்றரை நிமிஷத்துக்குள் மொத்தப் பேரையும் வெளியே தள்ள வேண்டும். கதவு எத்தனை கனம், எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்பது தூக்கத்திலும் என் கைக்குத் தெரியும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவரைத் தரையில் கிடத்தி, பயணிகளில் இருந்த ஒரு டாக்டர் கையில் ஒப்படைக்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு முகம் கழுவி, பொட்டைச் சரிசெய்து, பதினாலாம் வரிசைக்காரர் கேட்ட டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏன் இவ்வளவு லேட் என்று அவர் சத்தம் போட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் சம்பளம் என்றால், ஆமாம், சம்பளம்தான்.

தங்கச்சிக்கு இடம் வந்தது போன கார்த்திகையில். பழனி அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கும் குடும்பம். தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் கோயிலில் வைத்தே பார்த்துக்கொள்ளச் செய்திருந்தார்கள். "எனக்குப் பிடிச்சிருக்குக்கா" என்று அவள் போனில் சொன்ன குரலிலேயே, எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் மலையேறி வந்து பூ வைத்து உறுதி செய்ய வேண்டியதுதான் பாக்கி. மூன்று நாள் லீவு போட்டு வந்தேன்.

அன்று காலை தலை பின்னிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"ஏண்டி, அவங்ககிட்ட நீ ஆஸ்டல்ல வார்டனா இருக்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"நீ எல்லார்கிட்டயும் அப்படித்தானம்மா சொல்ற."

"அதில்ல. வெவரமாவே சொல்லியிருக்கேன். பொம்பளப் புள்ளைங்க ஆஸ்டல், ராத்திரி வெளிய போற சோலி இல்லன்னு." என் பின்னலைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "உனக்கு மூணு எடம் தட்டுச்சு. அக்கா இப்படின்னா தங்கச்சி எப்படியோன்னு இதுவும் தட்டிப் போச்சுன்னா, நான் என்னடி பண்ணுவேன்? இன்னைக்கு ஒரு நாளு. பூ வச்சிட்டுப் போகட்டும்."

'அக்கா இப்படின்னா' என்ற சொல் எனக்குள் போய் எங்கோ குத்தியது. எப்படி என்று கேட்க வாய் வந்தது. ஆனால் உள் அறையில் தங்கச்சி கண்ணாடி முன்னால் நின்று, எதற்கென்று தெரியாமல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். சரி என்றேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நான் வார்டனாக இருக்க ஒப்புக்கொண்டேன்.

பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் பன்னிரண்டாகியும் வரவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பழனியிலிருந்து சமவெளியிலேயே சுற்றி வந்து அய்யம்பாளையம் பக்கம் மலையேறியிருந்தால் சீக்கிரம் வந்திருக்கலாம். மாப்பிள்ளையின் சித்தப்பா, "போறதே போறோம், கொடைக்கானல் ஏரியையும் ஒரு சுத்துப் பாத்துட்டுப் போவோம்" என்று வேனை நேராக மலைப்பாதையில் ஏற்றச் சொல்லிவிட்டாராம். விடிவதற்கு முன்பே பொங்கலும் வடையும் வயிறு நிறையத் தின்றுவிட்டு, பழனி மலைப்பாதை வளைவு எல்லாம் ஏறி, ஏரியில் நின்று மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று அடுத்த வளைவுகளையும் சுற்றி வந்திருக்கிறார்கள். சமவெளிக்காரர்கள் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள். எங்கள் ஊரில் பஸ் ஏறுகிறவர்கள் முந்தின நாளே வயிற்றைக் காயப் போடுவார்கள்.

வேன் வாசலில் நின்றது. கதவு திறந்ததும் பூத்தட்டு வரவில்லை, பழத்தட்டு வரவில்லை. மாப்பிள்ளைதான் முதலில் வந்தார். நேராகப் போய் எங்கள் ஆரஞ்சு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவருக்குப் பின்னால் பதினாலு பேர். பட்டுப் புடவை எல்லாம் கசங்கி, மல்லிகைப் பூ காதில் தொங்க, ஆளாளுக்கு முகம் வெளிறிப் போய் இறங்கினார்கள். ஒரு சின்னப் பெண் ஓவென்று அழுதது. மாப்பிள்ளையின் அம்மா படியில் கால் வைத்தவர், கண் செருகி அப்படியே சாய்ந்தார்.

அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வரவேற்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். எனக்கோ சட்டென்று உடம்பு நிமிர்ந்துவிட்டது. அதுவரை ஆலத்தியும் கையுமாக நின்றிருந்த கல்யாணப் பெண்ணின் அக்கா போய், ஏர் ஹோஸ்டஸ் வந்துவிட்டாள்.

சாய்ந்தவரை நான்தான் தாங்கிப் பிடித்தேன். திண்டாடிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு முற்றத்துப் பாயில் கிடத்தி, காயவைத்து அள்ளிய காப்பிக்கொட்டை மூட்டை ஒன்றை இழுத்து, அவர் காலை அதன்மேல் தூக்கி வைத்தேன். "அத்தை, கண்ணத் தெறந்து என்னப் பாருங்க. மூக்கு வழியா மெதுவா மூச்சு இழுங்க. நான் இங்கதான் இருக்கேன்." ஈரத் துணியைக் கழுத்தில் வைத்தேன். தங்கச்சியை எலுமிச்சம்பழம் அறுக்கச் சொன்னேன். பாலிதீன் பைகளின் வாயை வெளிப்பக்கமாக மடித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். நடக்க முடிந்தவர்களுக்கு இரண்டு கையையும் நீட்டி, "நீங்க மூணு பேரும் இந்தப் பக்கம், காத்து வர்ற எடத்துல. நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம்" என்று காட்டினேன். அழுத சின்னப் பெண்ணின் முன்னால் பட்டுப் புடவையோடு முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் கண்ணுக்கு நேராக என் கண்ணை வைத்துப் பேசினேன். பிறகு வேனுக்குள் ஏறி, வாந்தியின் மேல் சாம்பலைத் தூவி அள்ளித் துடைத்தேன். அரை மணி நேரத்தில் எல்லாரும் மனுஷ நிறத்துக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் ஆரஞ்சு மரத்தை விட்டு வர இன்னும் கொஞ்ச நேரமாயிற்று.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து உட்கார்ந்து சுக்குத் தண்ணி குடித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்டல்ல எத்தனை புள்ளைகளுக்குப் பாத்த கையோ! பெத்த புள்ளை கூட இப்படிப் பாக்காதும்மா. ரொம்ப நன்றி தாயி."

யாராவது மனசார நன்றி சொன்னால் என் வாயில் ஒரு வாக்கியம் தானாக வரும். பதினோரு வருஷப் பழக்கம். தலையை லேசாகச் சாய்த்து, கையைக் கூப்பி, பளிச்சென்று சிரித்து, "எங்களுடன் பயணம் செய்ததற்கு நன்றி" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அம்மா கையிலிருந்த டம்ளர் சொம்பில் இடித்துச் சத்தம் போட்டது. மாப்பிள்ளையின் அம்மா புரியாமல் சிரித்தார். ஆனால் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சித்தப்பா கண்ணைத் திறந்தார். அவர் வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர்.

"ஒரு நிமிசம். இந்த வார்த்தைய நான் கேட்டிருக்கேன். கையக் காட்டுன தினுசையும் பாத்திருக்கேன். முட்டி போட்டுப் பேசுனதையும் பாத்திருக்கேன்." எழுந்து நேராக உட்கார்ந்தார். "ஏம்மா, ஆஸ்டல்ல எவம்மா பயணம் செய்யுறான்?"

முற்றத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உள் வாசல்படியில் தங்கச்சி எலுமிச்சம்பழத் தட்டோடு நின்றாள். அவள் கண் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியது. நான் பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். பள்ளிப் பிள்ளைகளை டூர் கூட்டிப்போவோம், அப்போது சொல்வது என்று ஒரு கதைகூட நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் பொய் ஆரம்பமானது அம்மாவிடம். அதைத் தொடர்வதா முடிப்பதா என்று அவளே சொல்லட்டும் என்று எனக்கு ஒரு வீம்பு வந்தது.

"அம்மாவக் கேளுங்க மாமா" என்றேன்.

அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏர் ஹோஸ்டஸ்" என்றாள்.

ஒரு பிசிறில்லை. ஹோஸ்டஸ். பள்ளிக்கூட டீச்சர் மாதிரி அவ்வளவு சுத்தமாக அதைச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடப்பாவி அம்மா, இத்தனை வருஷமும் தெரிந்தேதானா ஆஸ்டல், ஆஸ்டல் என்று சொன்னாய்? கோபப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"என் பெரிய மக ப்ளேன்ல வேலை பாக்குறா. மறைச்சது நான்தான், அவ இல்ல. ஊரு பேசும்னு பயந்து மறைச்சேன். ஆனா, இப்பப் பாத்தீங்கள்ல? இதுதான் அவ வேலை. ஊருப்பட்ட சனத்துக்கு இதச் செய்யுறா. இதப் போயி மறைச்சிருக்கேன் பாருங்க, என்னையத்தான் செருப்பால அடிக்கணும்."

சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார். "அது சரி. ப்ளேன்ல சரக்கு ஊத்திக் குடுக்குற வேலைதான? நாங்க பாக்காததா?"

"ஆமா மாமா, ஊத்திக் குடுப்போம்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "போதும், இதுக்கு மேல கெடையாதுன்னு நிறுத்தவும் செய்வோம். உங்களுக்கு ஊத்துனவளுக்கு, உங்க சீட்டுக்கு அடியில தீப்பிடிச்சா அணைக்கவும் தெரியும். உங்களுக்கு நெஞ்சு நின்னா அழுத்தவும் தெரியும். நீங்க நல்லபடியா எறங்கி வந்ததால அது உங்களுக்குத் தெரியாமப் போச்சு."

சொல்லிவிட்டேன். சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் உள்ளே போனபோது தங்கச்சி கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரு நாளுக்கா. ஒரே ஒரு நாளு உன் வாயக் கட்டிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? உன் வேலைதான் உனக்குப் பெருசு. நான் யாரு உனக்கு?"

இதைச் சமாளிக்க எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. அவள் தோளில் கை வைத்தேன், தட்டிவிட்டாள்.

வெளியே அவர்கள் வேனுக்குப் பக்கத்தில் நின்று கூடிப் பேசினார்கள். வெகு நேரம் பேசினார்கள். கடைசியில் சித்தப்பா அம்மாவிடம் வந்து, "எங்க அண்ணன், மாப்பிள்ளையோட அப்பா, கடைய விட்டு வர முடியல பாருங்க. சாமிமார் கூட்டம். கீழ போயி அவர்கிட்டக் கலந்துட்டுச் சொல்லியனுப்புறோம்" என்றார். கலந்துட்டுச் சொல்றோம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். மூன்று தடவை கேட்டிருக்கிறோம். பூத்தட்டு அவிழ்க்காத துணியோடு வேனுக்குள் திரும்பிப் போனது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா வேனில் ஒரு காலை வைத்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தார்.

"இனி எறங்குறதுக்கும் இத்தனை வளைவு கெடக்கா?"

"இருக்கு அத்தை. அய்யம்பாளையம் வழியாப் போனாக் கொஞ்சம் கம்மி."

"நீ கூட வர்றியா?"

போகாதே என்று அம்மா கண்ணால் காட்டினாள். பூவைத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களுக்கு வாந்தி அள்ளப் போவதா? எனக்கும் ரோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சின்னப் பெண் அதற்குள் மறுபடி பையைக் கையில் பிடித்துக்கொண்டு பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். ஒருவரைப் பிடிக்கும், ஒருவரைப் பிடிக்காது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை என்னுடையது. செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினேன்.

ஏறினால் வண்டி என்னுடையது. வளைவு தாங்காதவர்களை முன் சீட்டுக்கு மாற்றினேன். மாப்பிள்ளையை டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஆளுக்கு ஒரு ஆரஞ்சுத் தோல் கொடுத்து முகரச் சொன்னேன். போனைப் பார்க்கிறவர்களிடம் போனைப் பிடுங்கினேன், சித்தப்பாவிடம் உட்பட. பிறகு முன்னால் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று, முழு அறிவிப்பையும் செய்தேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இந்த வண்டிக்கு அவசர வழிகள் இரண்டு. ஒன்று முன்னால், ஒன்று பின்னால். யாரும் எழுந்து நிற்க வேண்டாம். தூரத்தில் தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டே வரவும்." சின்னப் பெண் கிளுக்கென்று சிரித்தாள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், "இடது பக்கம் சாயப் போறோம்", "இப்ப வலது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்தால் வயிறு சொன்ன பேச்சைக் கேட்கும். அய்யம்பாளையம் தாண்டிச் சமவெளி வரும்வரை ஒருத்தர்கூட வாந்தி எடுக்கவில்லை.

தரை மட்டத்துக்கு வந்த பிறகு மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டியே? வெளியூர்ல ஓட்டல்ல தங்குவீங்களாமே. என்ன செய்வீங்க?"

"தூங்குவோம் அத்தை. எந்திரிச்சா மறுபடி நிக்கணும். பாதி நாளு சாப்பிடக்கூட எறங்க மாட்டோம், கால் அப்படி வலிக்கும்."

அவர் புடவையைக் கொஞ்சம் தூக்கித் தன் கணுக்காலைக் காட்டினார். நரம்பு சுருண்டு சுருண்டு கிடந்தது.

"கடையில நின்னு நின்னு வந்தது. நான் கல்யாணமாகி வந்த புதுசுல, அடிவாரத்துல பொம்பள கடையில நிக்கிறது கம்மி. வர்ற போற சாமிகிட்டயெல்லாம் சிரிச்சுப் பேசித்தான் வாங்க வைக்கணும். முறைச்சுக்கிட்டு நின்னா எவன் சூடம் வாங்குவான்? அதுக்கு என் மாமியா வீட்டுல என்ன பேச்சுப் பேசுனாங்க தெரியுமா? பல்லக் காட்டி யாவாரம் பண்றாளாம்." ஒரு பெருமூச்சு விட்டார். "அந்தப் பேச்சையெல்லாம் கேட்டவ நான். இன்னைக்கு மலை மேல நின்னு வாயத் தெறக்காம வந்துட்டேன் பாரு."

அவர் புடவை ஓரத்தை இழுத்துக் கணுக்காலை மூடிவிட்டேன். பேசினால் அழுதுவிடுவேன் போல இருந்தது. யூனிஃபார்ம் போடாத நேரத்தில் எனக்கு அவ்வளவு கட்டுப்பாடு கிடையாது.

பழனி அடிவாரத்தில் கடை வாசலில் வேன் நின்றபோது மணி நாலரை. மாப்பிள்ளையின் அப்பா, சூடம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர், எழுந்து வந்தார். மனைவியும் சித்தப்பாவும் அவரைக் கடைக்குள் கூட்டிப்போனார்கள். நான் வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று போனில் தேடினேன். உள்ளே சித்தப்பாவின் குரல் உயர்ந்தது. பிறகு மாப்பிள்ளையின் குரல் ஒரு தடவை கேட்டது. பிறகு அவருடைய அம்மாவின் குரல் மட்டும் வெகு நேரம் கேட்டது.

பக்கத்துப் பூக்கடைக்கார அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா வெளியே வந்ததும், "யாருக்கா இது, புதுசா?" என்று கேட்டார்.

"எங்க சம்பந்தி வீட்டு மூத்த பொண்ணு."

அந்தச் சொல்லை நான் சரியாகத்தான் கேட்டேனா என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"ப்ளேன்ல வேலை பாக்குது. ஏர் ஹோஸ்டஸ்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"ப்ளேன்லயா!" என்று இழுத்த பூக்காரம்மா, என்னைத் தலையிலிருந்து கால்வரை அந்தப் பார்வை பார்த்தார்.

"என்னத்துக்கு அப்படிப் பாக்குற? நீ பூ விக்கிறப்ப சிரிக்காமத்தான் விக்கிறியா? காலையில நாலு மொழம் நல்ல பூவா எடுத்து வையி, இது வாடிப்போச்சு." என் பக்கம் திரும்பினார். "உங்க அம்மாவுக்குப் போனப் போடு. நானே சொல்றேன்."

அவசரத்தில் இரண்டு தடவை தப்பான எண்ணைத் தொட்டேன். அம்மா எடுத்ததும் போனை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

"சம்பந்தி, நான்தான் பேசுறேன். நாளைக்கு வெள்ளனே கெளம்பி வர்றோம். இந்தத் தடவை எங்க வீட்டுக்காரரும் வர்றாரு. பூ வச்சிருவோம்."

தங்கச்சி, "என்னம்மா, யாரும்மா, என்ன சொல்றாங்க" என்று பதறுவது போனைத் தாண்டி எனக்கே கேட்டது. கடைசியில் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏதோ சொன்னாள். பெரியவளை இருட்டுறதுக்குள்ள பஸ் ஏத்தி விட்டுருங்க என்று கேட்டிருப்பாள் போல.

"பஸ்ஸா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "அவள அனுப்பிட்டு நாளைக்கு நாங்க எப்படி மலை ஏறுறது?"